கரண்டி படுவதற்கு முன்

ஜூன் 9, திங்கள்

புது ஃபினாயில் கேன் வந்துவிட்டது. ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். தரை துடைக்க என்று நினைத்தால் தப்பு. பிரியாணிக்கு.

ரத்த அழுத்தம் பார்க்கும் டாக்டர், "யார் மேலயும் கத்தாதீங்கம்மா, கோபம் வந்தா எழுதி வெச்சிடுங்க" என்றார். அதனால்தான் இந்த நோட்டு. எழுதினால் கோபம் இறங்கும் என்று அவர் நம்புகிறார். எனக்கு எழுத எழுத ஏறுகிறது.

'கரண்டிக் கோட்டை' சமையல் போட்டியில் நான் கிச்சன் பொறுப்பு. காய்கறி வாங்குவது, போட்டியாளர்கள் சமைத்ததைக் கேமராவுக்காக அலங்கரிப்பது, கடைசியில் கொட்டுவது, எல்லாம் என் தலையில். இன்று அத்தனை பேரும் பிரியாணி. ஆளுக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறையச் செய்ய வேண்டும் என்பது டைரக்டர் தீனதயாளனின் கட்டளை. பாத்திரம் ததும்பினால்தான் வீட்டில் பார்க்கிறவர்களுக்குப் பசிக்குமாம்.

அதிலிருந்து ஒரு தட்டை எடுத்து எண்ணெய் தடவி, கிளிசரின் தெளித்து விளக்கடியில் வைப்போம். அதற்கு ஹீரோ பிளேட் என்று பெயர். மணிக்கணக்கில் பளபளக்கும், வாயில் வைக்க முடியாது. நடுவர் குலசேகரன் இரண்டு வாய் சாப்பிடுவார். மிச்சமெல்லாம் பின்பக்க டிரம்முக்குப் போகும். அதன் மேல் ஃபினாயில். போன சீசனில் லைட் யூனிட்டில் ஒருவர் மிச்ச மீனைச் சாப்பிட்டு வாந்தியெடுத்தார். மீன் காலையிலிருந்து விளக்குச் சூட்டில் கிடந்தது. தப்பு செய்தது விளக்கு, தண்டனை சோற்றுக்கு. இனி யாரும் எடுத்துத் தின்றுவிடக் கூடாது என்று சேனலில் சட்டம் போட்டுவிட்டார்கள்.

பாத்திரம் கழுவும் வேளாங்கண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஊத்தறது நீ, பாவம் எனக்குமாக்கா?" என்றாள்.

"பாதி பாதி" என்றேன். சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து சாதம் வடித்து வத்தக்குழம்பு வைத்தேன். அப்பளம் பொரித்தேன். இவருக்கு வத்தக்குழம்பு இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்.

ஜூன் 10, செவ்வாய்

வத்தக்குழம்பு அப்படியே இருக்கிறது. சனிக்கிழமைச் சாம்பாரைக் கொட்டி ஃபிரிட்ஜில் இடம் பண்ணினேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று பூங்கோதை வெளியேற்றப்பட்டாள். திண்டுக்கல் பெண். சிறுகிழங்குப் பொரியலும் கோழி வறுவலும் செய்திருந்தாள். நடுவர் காரம் கூடிவிட்டது என்றார். அழுதாள். கேமரா கிட்டப் போய் நன்றாக அழவிட்டுப் படம் பிடித்தது.

எல்லாம் முடிந்து நான் பின்பக்கம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கையில் டிபன் பாக்ஸோடு வந்து நின்றாள். பார்வையாளர் வரிசையில் அவள் மகள் உட்கார்ந்திருந்தாளாம். "அம்மா செஞ்சத பாப்பா ஒரு வாய் சாப்பிடட்டும்னு…" என்று ஆரம்பித்தவள் டிரம்மை எட்டிப் பார்த்தாள். வறுவல் மேலே மிதந்தது.

"தோத்தது கூடப் பரவால்லக்கா. நான் சமைச்சதுக்குப் போயி எலிக்கு மருந்து வெக்கிற மாதிரி வெச்சிருக்கீங்களே" என்றாள். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

பத்து வருஷமாக இந்த லைனில் இருக்கிறேன். இப்படி ஒருத்தர் சொல்லிக் கேட்டது இன்றைக்குத்தான்.

நேரே டைரக்டர் தீனாவிடம் போனேன். என்னைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"இனிமே நான் ஊத்தமாட்டேன் சார். போரூர்ல வீடில்லாத பொம்பளைங்களுக்கு ஒரு காப்பகம் இருக்கு. அங்க கொண்டுபோய்க் குடுத்துடறேன்."

"உங்களுக்கு எதுக்குக்கா இந்த வேல? சாப்பிட்டு யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

"சூடா எடுத்துட்டுப் போய் சூடா குடுப்பேன்."

போனைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். "சரி, போங்க. ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வரட்டும், கேன் திரும்பி வரும். நீங்க வரமாட்டீங்க."

ஆகட்டும் என்றேன். தீர்மானம் பண்ணியாயிற்று.

ஜூன் 13, வெள்ளி

அவமானம்.

ஷூட்டிங் முடிந்ததும் வெஜிடபிள் புலாவையும் குருமாவையும் எவர்சில்வர் தூக்குகளில் அடைத்து, புரொடக்‌ஷன் வேனில் போரூர் போனேன். காப்பகத்தைப் பார்த்துக்கொள்பவர் பிளாரன்ஸ். என் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். தூக்கைத் திறந்து மோந்தார்.

"டிவில சமைச்சதா? அந்தக் கரண்டிக்காரர் ஷோவா?"

பெருமையாகத் தலையாட்டினேன்.

"அவரு பாத்திரத்துலயே கரண்டிய விட்டு, வாயில வெச்சு, கண்ண மூடி, மறுபடி அதே கரண்டிய உள்ள விடுவாரே? அந்தப் பாத்திரமா?"

எனக்கு உறைத்தது. குலசேகரனின் அடையாளமே அதுதான். தன் பித்தளைக் கரண்டியைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். தட்டில் வைத்துக் கொடுத்தால் தொடமாட்டார். பாத்திரத்திலேயே விட்டு, நக்கி, திரும்பவும் விடுவார். அதற்குத்தான் பார்வையாளர்கள் கைதட்டுவார்கள்.

"மேடம், இங்க இருக்கறவங்களுக்கு வீடுதான் இல்ல. அதுக்காக அடுத்தவங்க எச்சிலத் திங்கணும்னு இல்ல" என்றார் பிளாரன்ஸ். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "உங்க வீட்ல எத்தன பேரு?"

"ரெண்டு பேர்."

"உங்க வீட்டுக்காரருக்கு இதப் போடுவீங்களா?"

தூக்குகளை மூடி வேனில் ஏற்றினேன். திரும்பி வந்து டிரம்மில் கொட்டினோம். ஃபினாயில் ஊற்றவில்லை. அந்த ஒன்றாவது செய்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

இவர் இன்னும் தாம்பரத்தில் அவர் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். ஆபீஸ் அங்கிருந்து பக்கம். ஞாயிறு ஆனால் இவருக்குக் கறிக்குழம்பு வேண்டும், செய்தேன். வந்தால் சாப்பிடட்டும்.

பிளாரன்ஸைத் திட்ட வார்த்தை தேடித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அவர் சொன்னது சரி. இதில் எனக்குத்தான் புத்தி வேலை செய்யவில்லை. கோயில் பிரசாதத்தையே யாராவது வாய் வைத்துவிட்டால் வாங்கமாட்டேன் நான். இல்லாதவர்கள் என்றதும் அந்தக் கணக்கை எப்படி விட்டேன்?

நடுவரின் கரண்டி படுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். அதுதான் வழி.

ஜூன் 16, திங்கள்

தீனாவிடம் சொன்னேன். "பாத்திரம் குறையக் கூடாதுக்கா" என்றார், அதையே மூன்று விதமாகச் சொன்னார்.

குறையாது. தட்டில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் சோற்றைக் குவித்து மலை மாதிரி காட்டுவது என் தொழில். இத்தனை நாள் இல்லாததை இருப்பதாகக் காட்டினேன். இப்போது இருப்பதைக் காப்பாற்ற அதே வித்தை. அடுப்பை அணைத்ததும் முக்கால் பங்கை மூடி போட்ட தூக்குக்கு மாற்று. பாத்திரத்தின் அடியில் கிண்ணத்தைக் கவிழ். மேலே மிச்சத்தைப் பரப்பு. நடுவர் வரும்போது பாத்திரம் ததும்பும்.

வேளாங்கண்ணி ஒரு முறை பார்த்துவிட்டு, "சாமி சத்தியமா எனக்கே தெரியலக்கா" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

வாங்கிக்கொண்டார்கள்!

பிளாரன்ஸிடம் முதலிலேயே சொன்னேன், கரண்டி படாதது, நானே எடுத்து மூடினேன் என்று. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். சாதத்துக்குள் கையை நீட்டிச் சூடு பார்க்காமல், தூக்கின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒரு தட்டில் போட்டு முதலில் தான் சாப்பிட்டார். அப்புறம்தான் பந்தி.

சரோஜினி என்று ஒரு பெண், முன்பு பூக்கடை வைத்திருந்தவராம். புளியோதரையை மென்றபடி, "இது யாரு செஞ்சது?" என்றார். போட்டியில் முன்னணியில் இருப்பவர் பெயரைச் சொன்னேன்.

"பெருங்காயம் போட மறந்துட்டாங்க. அதுக்கெல்லாம் மார்க் கொறைக்க மாட்டீங்களா?"

உண்மையில் மறந்துதான் போயிருந்தார். நடுவர் கண்டுபிடிக்கவில்லை. வேனில் சிரித்துக்கொண்டே வந்தேன். ரொம்ப நாளாயிற்று இப்படிச் சிரித்து.

ஜூன் 18, புதன்

ஷூட்டிங் இல்லை. துணி துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பைக் கீழ்வீட்டு நாய்க்கு வைத்தேன். அதுவும் மோந்துவிட்டுப் போயிற்று.

ஜூன் 19, வியாழன்

டங்.

அந்த ஒரு சத்தத்தில் எல்லாம் போயிற்று. கத்திரிக்காய்த் தொக்கு. மேலே பரப்பியது மெல்லிசாகிவிட்டது, என் தப்புதான். குலசேகரன் கண்ணை மூடிக்கொண்டு ஸ்டைலாகக் கரண்டியை இறக்கினார். அவர் சட்டையில் மைக். கவிழ்த்த கிண்ணத்தில் கரண்டி மோதிய சத்தம் கோயில் மணி மாதிரி செட் முழுக்கக் கேட்டது. பார்வையாளர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் கிண்ணத்தைத் தோண்டி எடுத்துத் தூக்கிப் பிடித்தார். தொக்கு ஒழுகியது.

"சுகந்தி! என்ன இது? இத்தன நாளா நான் வெறும் கிண்ணத்துக்கா மார்க் போட்டேன்?"

விளக்கம் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. முப்பது வருஷமாக அடுப்படியில் நிற்கிறவரை ஊர் சிரிக்க வைத்துவிட்டேனாம். தீனா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முடிஞ்சுது அக்கா. நாளையிலேர்ந்து பழையபடி. கேனை எடுங்க."

காப்பகத்துக்குப் போன் செய்து இன்றைக்கு இல்லை என்றேன். "நாங்க உலை வெக்கல மேடம், நீங்க வருவீங்கன்னு" என்றார் பிளாரன்ஸ். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிட்டுப் பாதியில் விட எனக்கு உரிமை இல்லை.

விடப்போவதும் இல்லை.

ஜூன் 21, சனி

இவருடைய அண்ணன் மகன் வந்தான். சித்தப்பாவின் சட்டைகளை எடுத்துத் தரச் சொன்னாராம். இரண்டு பையில் மடித்து வைத்தேன். வெயிலுக்குப் பருத்திச் சட்டைகள் தேவைப்படும். ஸ்வெட்டரையும் கேட்டாராம். ஜூன் மாதத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி களைந்தேன்.

ஜூன் 23, திங்கள்

டாக்டர் இதைப் படித்தால் மாத்திரையை இரட்டிப்பாக்குவார்.

காலையில் வீட்டிலிருந்து முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்துக் கொண்டுபோனேன். குலசேகரனுக்கு முருங்கைக்காய் என்றால் உயிர். மேக்கப் அறையில் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். வியாழக்கிழமைக் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் மூடியைத் திறந்ததும் மூக்கு திரும்பியது.

"வெறும் பாத்திரம் இல்லியே?" என்றார்.

"இல்ல செஃப். முழுசும் சாம்பார்தான்."

ஒரு கரண்டியை உள்ளே விட்டேன். எடுத்து அவர் எதிரிலேயே நக்கினேன். கண்ணை மூடினேன், அவரை மாதிரியே. "ஆஹா" என்றேன். அதே கரண்டியை மறுபடியும் சாம்பாரில் விட்டு நன்றாகக் கலக்கினேன். பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

"சாப்பிடுங்க செஃப்."

அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். முகம் கோணிப்போயிற்று. "என்னம்மா பண்றே? எச்சில் பண்ணிட்டு எனக்குக் குடுக்கறே?"

"எச்சில்தான் செஃப். வீடு வாசல் இருக்கற உங்களுக்கே ஆகல. காப்பகத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் ஆகுமா? உங்க கரண்டி பட்டாலே அது எச்சிலாயிடுது. அதனாலதான் கிண்ணத்தக் கவுத்தேன். உங்கள ஏமாத்த இல்ல."

மேக்கப் போடுகிறவர் பஞ்சோடு அப்படியே நின்றுவிட்டார். குலசேகரன் எழுந்தார். "அது என் அடையாளம். அதுக்குத்தான் என்னைக் கூப்பிடறாங்க. நீ யாரு அத மாத்தறதுக்கு? வெளிய போ."

போனேன். சாம்பாரை நானும் வேளாங்கண்ணியும் சாப்பிட்டோம். சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஸ்டோரில் புது ஃபினாயில் கேனுக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். போடமாட்டேன் என்றேன். தீனா வந்தார்.

"வெள்ளிக்கிழமை ஃபைனல். சேனல் ஆளுங்க, ஸ்பான்சர், எல்லாரும் வராங்க. பின்னாடி மிச்சம் அப்படியே கெடந்தா என்னையத்தான் கேப்பாங்க. ஊத்தறீங்களா, வேற ஆள் பாக்கட்டுமா?"

"ஃபைனல் வரைக்கும் நான்தான் சார் இன்சார்ஜ். அன்னிக்கு முக்கால் பங்கு முதல்லயே வெளிய போயிடும். கிண்ணம் கவுக்க மாட்டேன். பாத்திரம் எப்படி இருக்கோ அப்படித்தான் இருக்கும்."

"அப்ப அடுத்த சீசனுக்கு நீங்க இல்லக்கா."

"சரி சார்."

சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டு வாடகைக்கு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இருந்தாலும் சரிதான்.

ஜூன் 25, புதன்

பிளாரன்ஸுக்குப் போன் போட்டேன். வெள்ளிக்கிழமை உலை வைக்க வேண்டாம் என்றேன். "நிச்சயமா?" என்றார். நிச்சயம் என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

கடைசி மூன்று பேர், கல்யாண விருந்து. அடுப்பு அணைந்ததும் நானும் வேளாங்கண்ணியும் தூக்குகளோடு இறங்கினோம். சாதம், சாம்பார், அவியல், பால் பாயசம் என்று முக்கால் பங்கை எடுத்து மூடினோம். தீனா பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். ஸ்பான்சர்கள் முன்வரிசையில் இருந்ததால் கத்த முடியவில்லை. பாத்திரங்களில் சாப்பாடு அடியில் கிடந்தது. கேமராமேன், "இது என்னக்கா, பந்தி முடிஞ்ச மாதிரி இருக்கு" என்றார்.

குலசேகரன் வந்தார். பட்டு வேட்டி, சட்டைப் பையில் பித்தளைக் கரண்டி. முதல் மேஜைக்கு வந்தார். பார்வையாளர்கள் வழக்கம்போலக் கைதட்ட ஆரம்பித்தார்கள். கரண்டியை எடுத்தார். அவியல் பாத்திரத்தின் மேல் கொண்டுபோனார். குனிந்து உள்ளே பார்த்தார்.

கை அப்படியே நின்றது.

நான் கேமராவுக்குப் பின்னால், தூக்குகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் நிமிர்ந்து என்னைத் தேடினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"சுகந்தி, அவங்களுக்கு எடுத்து வெச்சாச்சா?" என்றார்.

மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. தலையாட்டினேன்.

"எவ்ளோ எடுத்தே?"

"முக்கால் பங்கு செஃப்."

அவர் பாத்திரத்தை இன்னொரு முறை பார்த்தார். "இன்னும் கொஞ்சம் எடுத்துக்க. நான் ஒருத்தன், எனக்கு எதுக்கு இவ்ளோ?" கரண்டியைத் திரும்பவும் பைக்குள் செருகினார். போட்டியாளர் பக்கம் திரும்பி, "தட்டு குடும்மா. அதுல ஒரு கரண்டி வை, போதும்" என்றார்.

தீனா கட் சொன்னார். ஓடிவந்து, "செஃப், கரண்டி ஷாட் ஒண்ணு மட்டும். ஃபைனல்ல அது இல்லாட்டி…" என்றார். குலசேகரன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "எடுத்தா இப்படி எடு. இல்லாட்டி வேற நடுவரப் பாரு" என்றார். தீனா என் பக்கம் பார்த்த பார்வையில் அவியலே கருகியிருக்கும். ஆனால் இப்படித்தான் எடுத்தார்கள்.

தூக்குகளை வேனில் ஏற்றும்போது குலசேகரன் அந்தப் பக்கமாகப் போனார். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

"உன் மேல கோபம் இன்னும் போகல. அந்தச் சாம்பார நெனச்சாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கு. நாலு நாளா எங்க வீட்ல பாத்திரத்துல கரண்டிய விடவே கை வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அடுத்த சீசன் பற்றித் தீனா எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தீனா வாங்கி வைத்திருந்த புது ஃபினாயில் கேன் திறக்காமலே இருந்தது. வேளாங்கண்ணி அதைக் கக்கூஸ் கழுவ எடுத்துப்போனாள்.

காப்பகத்தில் நானே பரிமாறினேன். சரோஜினி பாயசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். "ஜெயிச்சது யாரு?" என்றார். சொன்னேன். "இந்தப் பாயசத்த வெச்சவளா?" இல்லை, அவள் இரண்டாவது என்றேன். "உங்க டிவிக்கு நாக்கு இல்ல" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது.

கடைசியில் கொஞ்சம் சாதமும் அவியலும் மீந்தது. பிளாரன்ஸ் அலமாரியிலிருந்து ஒரு பெரிய டப்பாவை எடுத்தார். "நீங்க சாப்பிடவே இல்லியே. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ரெண்டு பேருக்கு வரும்."

"ஒருத்தருக்குப் போதும்" என்றேன்.

இதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. தைப்பொங்கல் முடிந்து போனவர், இனி வரமாட்டார். எனக்குத் தெரியும். அழுகை வந்தது. பரிமாறிய கையோடு நின்று அழுதேன்.

பிளாரன்ஸ் பெரிய டப்பாவை வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தார்.

ஜூன் 29, ஞாயிறு

ஃபிரிட்ஜைக் காலி பண்ணிக் கழுவித் துடைத்தேன்.

அரை டம்ளர் அரிசி போட்டேன். சரியாக இருந்தது.